ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் மனதில் தங்க என்ன செய்கிறீர்கள்?

வாடிப்பட்டி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் நான்தான் ஆங்கிலம் எடுக்கிறேன். பாடத்துக்குப் பின்னால் இருக்கிற சொல்-பொருள் பட்டியலை எங்கள் பிள்ளைகள் நன்றாகவே மனப்பாடம் செய்கிறார்கள், டெஸ்ட் வைத்தால் பத்துக்குப் பத்து எடுக்கிறார்கள், ஆனால் அடுத்த மாதம் அதே சொல் வேறொரு பாடத்தில் வந்தால் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். 'ரிலக்டன்ட்' என்றால் 'விருப்பமில்லாத' என்று ஒரே மூச்சில் சொல்லும் ஒரு பெண், கதையில் ஒரு பையன் 'ரிலக்டன்ட்'டாகக் கதவைத் திறந்தான் என்று வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சொல் தெரியும், பொருள் தெரியும், இரண்டும் சேர்ந்து அந்தக் கதவு முன்னால் வரவில்லை.

வாரம் இருபது சொல், தப்பினால் பத்துத் தடவை இம்போசிஷன் என்று போவதால் சொல்வளம் வராது என்பது என் உறுதியான எண்ணம். எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. ஆனால் அதற்குப் பதில் என்ன என்பதில்தான் உங்கள் அனுபவம் வேண்டும். ஒரு பீரியட் நாற்பது நிமிடம். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகள்தான் முக்கால்வாசி. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் வரும். அதனால் 'இந்த ஆப்பைப் போடுங்க டீச்சர்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செல்லூர் அப்பா:

டீச்சர், என் மகள் தனியார் பள்ளியில் ஏழாவது, ஆங்கில வழி. வாரம் முப்பது சொல் டிக்டேஷன். நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஸ்டார் ஒட்டியிருக்கிறது. ஆனால் போன மாதம் ஊரிலிருந்து வந்த தம்பி மகனிடம் ஒரு விளையாட்டின் விதியை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன், 'யூ கோ, தென் ஐ கோ' என்பதைத் தாண்டவில்லை. அத்தனை சொல்லும் எங்கே போனது? என்னைக் கேட்டால் தமிழ்ப் பொருள் எழுதுவதுதான் கெடுதல். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் தமிழ்ப் பொருள் எழுதுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டேன். படம், இல்லையென்றால் ஆங்கில விளக்கம், அவ்வளவுதான்.

ரிட்டயர்ட் ஹெச்எம், மேலூர்:

செல்லூர் தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் தமிழை வெளியே நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் எத்தனை ஆயிரம் சொல் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். கோபம், ரோஷம், பொறாமை, ஆற்றாமை என்று அத்தனை நுணுக்கமும் அதற்குள் இருக்கிறது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் வெறுங்கையோடுதான் வரும். படத்தால் 'ஆப்பிள்' காட்டலாம். 'ரிலக்டன்ட்'டை எந்தப் படத்தில் காட்டுவீர்கள்? 'அம்மா எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டதும் நீ எப்படி நடந்து வருவாய், அந்த நடைதான்' என்று தமிழில் ஒரே ஒரு வரி சொன்னால் வகுப்பே சிரித்துக்கொண்டு பிடித்துக்கொள்ளும்.

கெடுப்பது தமிழ் இல்லை, ஒற்றைச் சொல் பொருள். 'ஆஸ்க்' என்றால் கேள், 'ஹியர்' என்றால் கேள், 'லிசன்' என்றாலும் கேள் என்று நோட்டில் மூன்று வரி இருக்கும். அதைப் படித்த பையன் 'ஐ ஹியர்ட் தி டீச்சர் எ கொஸ்டின்' என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவான்? அவனுடைய நோட்டுப்படி அது சரிதானே. இந்த மூன்றுக்கும் நான் இப்படிச் சொல்வேன்: பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாய், நீ விரும்பாவிட்டாலும் ஹாரன் காதில் விழுகிறது, அது ஹியர். உன் ஊர் பஸ்ஸை அறிவிக்கிறார்களா என்று காதைக் கொடுக்கிறாய், அது லிசன். கண்டக்டரிடம் போய் 'அழகர்கோவில் போகுமா?' என்கிறாய், அது ஆஸ்க். மூன்றையும் தமிழில்தான் விளக்கினேன், ஆனால் மூன்றும் தனித்தனியாக நின்றுவிடும்.

செல்லூர் அப்பா:

ஐயா, பஸ் ஸ்டாண்ட் உதாரணத்தை இன்று ராத்திரியே மகளிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். தமிழில் விளக்கிக்கொண்டே போனால் வாயிலிருந்து ஆங்கிலம் எப்போது வரும்?

ரிட்டயர்ட் ஹெச்எம், மேலூர்:

நுழைகிற வழிக்குத் தமிழ், புழங்குகிற இடத்தில் ஆங்கிலம். பொருள் புரிந்த அடுத்த நிமிடமே பிள்ளை அந்தச் சொல்லைப் போட்டுத் தன்னைப் பற்றி ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தன்னைப் பற்றி இருக்க வேண்டும், புத்தகத்து வாக்கியம் கூடாது.

திருமங்கலம் டியூஷன்:

எனக்கு இதில் மாறுபட்ட கருத்து உண்டு. நான் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன், ஆங்கில வழிப் பிள்ளைகள். இவர்கள் மார்க் இழப்பது கதைச் சொற்களில் இல்லை, கேள்வித்தாளில் வரும் கட்டளைச் சொற்களில்தான். 'கம்பேர்', 'ஜஸ்டிஃபை', 'எஸ்டிமேட்', 'ஸ்டேட் தி ரீசன்' என்று வரும். 'ஸ்டேட்' என்றால் பிள்ளைக்குத் தமிழ்நாடு, கேரளாதான் தெரியும். 'எஸ்டிமேட்' என்றால் வீடு கட்ட மேஸ்திரி கொடுக்கிற சீட்டு. விடை தெரிந்த பையன் கேள்வி புரியாமல் வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கணக்கில் இன்னும் மோசம். 'வால்யூம்' என்றால் டிவி சத்தம், 'டேபிள்' என்றால் மேஜை, 'ப்ராடக்ட்' என்றால் கடைச் சரக்கு, 'பவர்' என்றால் கரண்ட், 'ரூட்' என்றால் வேர். தெரிந்த சொல் என்று நினைப்பதால் பிள்ளை கேட்கவே கேட்காது, அதுதான் ஆபத்து. தெரியாத சொல்லுக்காவது கையைத் தூக்கும். அதனால் ஏழாவதிலேயே ஒரு பக்கத்தை மடித்து, இடது பக்கம் வீட்டுப் பொருள், வலது பக்கம் கணக்குப் பொருள் என்று எழுத வைக்கிறேன். ப்ராடக்டுக்கு இடப்பக்கம் கடையில் விற்கும் பொருள், வலப்பக்கம் பெருக்கி வரும் விடை. இங்கே பட்டியல் தேவைதான் டீச்சர், எல்லாப் பட்டியலும் கெட்டதில்லை.

வாடிப்பட்டி டீச்சர்:

சார், இதை நான் முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தச் சொற்கள் எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும். நான் எதிர்ப்பது பாடத்தில் ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போகும் சொல்லையும் 'கம்பேர்' மாதிரி வாழ்நாள் முழுக்க வேண்டிய சொல்லையும் ஒரே வரிசையில் நிறுத்திப் படிக்கச் சொல்வதை. அமெரிக்காவில் இசபெல் பெக் என்ற கல்வியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். முதல் அடுக்கு அன்றாடப் பேச்சு, இரண்டாவது எல்லாப் பாடத்திலும் புழங்கும் 'கம்பேர்', 'ரிலக்டன்ட்' வகை, மூன்றாவது 'போட்டோசிந்தசிஸ்' மாதிரி ஒரு பாடத்துக்கே உரியது. வகுப்பு நேரத்தை இரண்டாவது அடுக்கில்தான் அதிகம் செலவழிக்க வேண்டும் என்கிறார்கள்.

ரிட்டயர்ட் ஹெச்எம், மேலூர்:

அந்தப் பிரிவினை நல்லதுதான், ஆனால் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது டீச்சர். அங்கே முதல் அடுக்கைப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடும். நம் பிள்ளைக்கு முதல் அடுக்கே பாதி ஓட்டையாக இருக்கும். 'அம்ப்ரெல்லா' தெரியும், 'பாரோ' (இரவல் வாங்குவது) தெரியாது. 'எலிஃபன்ட்' தெரியும், 'ஆல்ரெடி', 'இன்ஸ்டெட்', 'எனஃப்' தெரியாது. பெயர்ச்சொல்லாகவே கற்றுக்கொடுத்து வளர்த்துவிட்டோம். வாக்கியத்தைப் பிடித்து நிறுத்துகிற சின்னச் சொற்களை யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருவது என்று இதே கவலையோடு வேலை செய்தவர். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள். சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் பத்துக்கு எட்டுச் சொல் இந்த 2000-க்குள் அடங்கிவிடும். பழைய பட்டியல்தான், இன்று கம்ப்யூட்டர், மொபைல் எல்லாம் சேர்க்க வேண்டும், ஆனால் எட்டாவது முடிக்கும் பிள்ளைக்கு இந்த 2000 வாயிலும் கையிலும் இருந்தால் அப்புறம் எந்தப் புத்தகத்தையும் எடுத்து முட்டிமோதிப் படித்துக்கொள்ளும். அரிய சொல்லைக் காட்டி அசத்துவதை ஆறாவதில் நிறுத்திவிடுங்கள்.

பூக்காரர் மகள், உசிலம்பட்டி:

வணக்கம். நான் தமிழ் வழியில் படித்து இப்போது மதுரையில் கல்லூரியில் இரண்டாம் வருடம். முதல் வருடம் வகுப்பில் லெக்சரர் பேசியதில் பாதி புரியாமல் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த நாட்கள் உண்டு, அதனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்தேன்.

எனக்கு இன்றைக்கும் மறக்காத ஆங்கிலச் சொற்கள் எங்கள் ஏழாம் வகுப்பு டீச்சர் மல்லிகைப் பூவை வைத்துச் சொல்லித்தந்தவை. வகுப்பில் பாதிப் பேர் விடியற்காலையில் பூப்பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவோம். ஒரு நாள் டீச்சர் 'இன்னைக்குக் காலையில என்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க' என்றார். நாங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் போர்டில் ஆங்கிலத்தில் எழுதினார். மொட்டு, 'பட்'. பறிப்பது, 'ப்ளக்'. ஈரத்துணியில் மூடுவது, 'கவர்', 'டேம்ப்'. எடை போடுவது, 'வே'. விலை ஏறுவது, இறங்குவது, 'ரைஸ்', 'ஃபால்'. தொடுப்பது, 'ஸ்ட்ரிங்'. மதியத்துக்குள் விற்காவிட்டால் வாடிவிடும், 'விதர்'. மொட்டாகப் பறித்தால்தான் ராத்திரி விரியும், விரிந்தது போனால் விலை கிடையாது என்று அவருக்கே நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். அப்புறம் ஆளுக்கு மூன்று வரி. 'வீ ப்ளக் தி பட்ஸ் பிஃபோர் சன்ரைஸ்' என்று நான் எழுதியது என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் ஆங்கில வாக்கியம்.

கல்லூரியில் ஒரு கவிதையில் 'விதர்ட்' என்று வந்தபோது பக்கத்துப் பெஞ்சில் ஆங்கில வழியில் படித்தவர்கள் போனில் தேடினார்கள், எனக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மதியம் கூடையில் கிடக்கும் பூ கண்ணில் வந்தது. அதனால் வாடிப்பட்டி டீச்சர், உங்கள் ஊரில் நெல்லும் வாழையும் கொடிக்காலும் இருக்கிறதே, அங்கிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைக்குப் பெயர் மட்டும் கொடுங்கள்.

வாடிப்பட்டி டீச்சர்:

அம்மா, இதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒன்றைக் கவனித்தேன், நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் வினைச்சொற்கள். ஹெச்எம் ஐயா சொன்ன ஓட்டை இப்படித்தான் அடைபடும் போல. எங்கள் பள்ளிக்குப் பின்னாலேயே நாற்று நடவு நடக்கும், அதில் 'சோ' (விதைப்பது), 'சீட்லிங்' (நாற்று), 'ட்ரான்ஸ்ப்ளான்ட்' (பிடுங்கி நடுவது), 'வீட்' (களை எடுப்பது), 'ஹார்வெஸ்ட்' (அறுவடை) ஐந்தும் கிடைக்கிறது, 'ட்ரான்ஸ்'ஸைப் பிரித்துக் காட்டினால் 'ட்ரான்ஸ்போர்ட்', 'ட்ரான்ஸ்ஃபர்' கூடவே வரும்.

நத்தம் ரோடு இன்ஜினியர்:

அந்தப் 'பிரித்துக் காட்டுவது' பற்றி ஒரு தகவல். 1989-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வின்படி, பள்ளிப் புத்தகங்களில் முன்னொட்டோடு வரும் ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் நான்கே முன்னொட்டுக்குள் அடங்குகின்றன: 'அன்', 'ரீ', 'இன்' (அதன் மாறுவேடமான 'இம்', 'இர்', 'இல்' சேர்த்து), 'டிஸ்'. நான்கையும் ஆறாவதிலேயே சொல்லிக்கொடுத்தால் 'ஹேப்பி' தெரிந்த பிள்ளைக்கு 'அன்ஹேப்பி' இலவசம்.

ரிட்டயர்ட் ஹெச்எம், மேலூர்:

சரி, ஆனால் 'ரீட்', 'ரீச்' எல்லாவற்றிலும் 'ரீ' இருக்கிறது என்று பிள்ளை வெட்டிக்கொண்டு வரும். மிச்சம் இருப்பது தனியாக நிற்குமா என்று பார்க்கப் பழக்குங்கள். 'ரீரைட்'டில் 'ரைட்' நிற்கும், 'ரீச்'சில் 'ச்' நிற்காது.

நத்தம் ரோடு இன்ஜினியர்:

உண்மை ஐயா. டீச்சருடைய முதல் கேள்விக்கு வருகிறேன், அடுத்த மாதம் ஏன் மறக்கிறது? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது, அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. கழலப்போகும் நேரத்தில் ஒருமுறை நினைவுகூர வைத்தால் பிடி இறுகும். ஒரே நாளில் பத்துத் தடவை எழுதுவதைவிட, அதே பத்தை ஒரு மாதத்தில் பரப்பிவைத்தால் நிற்கும். இம்போசிஷன் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆப் வேண்டாம், மூன்று சாக்பீஸ் பெட்டி போதும். 1970களில் ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் பிள்ளையே எழுதிய வாக்கியம். புது அட்டை முதல் பெட்டிக்கு, அதைத் தினமும் எடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், அதை வாரம் இருமுறை. அங்கேயும் சரி என்றால் மூன்றாவது, அதை வாரம் ஒருமுறை. எங்கே தப்பினாலும் முதல் பெட்டிக்குத் திரும்பிவிடும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிற வீண்வேலை இதில் கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகையை நான்காக வெட்டினால் அட்டை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமா?

திருமங்கலம் டியூஷன்:

முன்பக்கம் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ளலாமா? என் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ரிட்டயர்ட் ஹெச்எம், மேலூர்:

ஆரம்பத்தில் ஊன்றுகோலாக இருக்கலாம், அதிலேயே நிற்கக் கூடாது. தமிழில் 'கோட்' என்று எழுதினால் அது மாட்டிக்கொள்ளும் சட்டையா, ஆடா? 'பின்' என்றால் குத்துகிற ஊசியா, குப்பைத் தொட்டியா? நம் எழுத்தில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை, அது நம் எழுத்தின் குறை இல்லை, வேறு மொழிக்காக அமைந்தது. பிள்ளை தமிழ் எழுத்தைப் பார்த்தே படித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். டீச்சர் வாயால் சொல்லி, பிள்ளை தொண்டையில் கை வைத்துப் பார்க்கட்டும். ஆட்டுக்குத் தொண்டை முதலிலேயே அதிரும், சட்டைக்கு அதிராது.

அவனியாபுரம் அம்மா:

எல்லாம் படித்தேன், வாசிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மகன் ஆறாவது, அரசுப் பள்ளிதான். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, லீவு நாளில் கூட்டிப் போகிறேன். அவன் முதலில் பெரிய பிள்ளைகள் புத்தகத்தைத்தான் எடுப்பான், இரண்டு பக்கத்தில் மூடிவிடுவான். பின்பு படமும் நாலு வரியும் இருக்கிற சின்னப் பிள்ளைகள் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன், 'இது பாப்பா புக்கு' என்று வெட்கப்பட்டான். 'தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்ட வேணாமா' என்றேன், சரி என்று உட்கார்ந்தான். இப்போது தங்கைக்கு வாசிக்கிறேன் என்று அவனே தேடி எடுக்கிறான். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அவன் தடுமாறாமல் போகிறானா என்பது காதுக்குத் தெரிகிறதே.

வாடிப்பட்டி டீச்சர்:

அக்கா, நீங்கள் செய்தது முழுக்கச் சரி. நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியாமல் போனாலே துணையில்லாமல் கதையைத் தொடர்வது கஷ்டமாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏழாம் வகுப்புப் பாடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடப் பல மடங்கு தெரியாது, அதனால்தான் அது எப்போதும் 'டீச்சர் நடத்துகிற' பாடமாகவே இருக்கிறது, வாசிக்கிற கதையாக மாறுவதில்லை. தானாக வாசிக்க இரண்டு வகுப்பு கீழே இறங்கித்தான் கொடுக்க வேண்டும். வெட்கத்துக்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்தை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், எங்கள் எட்டாம் வகுப்பு மூன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டட்டும்.

செல்லூர் அப்பா:

ஒரு விஷயம். ஐயா சொன்ன பஸ் ஸ்டாண்டை மகளிடம் சொன்னேன். 'அப்போ ஸ்கூல்ல பாட்டு போட்டா அது ஹியரா லிசனாப்பா?' என்று திருப்பிக் கேட்டாள். 'நீ என்ன செய்றியோ அதைப் பொறுத்தது' என்றேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'ஐ ஹியர் இட், பட் ஐ டோன்ட் லிசன்' என்றாள். முப்பது சொல் நோட்டிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் ஒருநாளும் வந்ததில்லை. தமிழ்ப் பொருளுக்கு நான் போட்ட தடையை எடுத்துவிட்டேன். பள்ளியில் தரும் முப்பதைத் தவிர்க்க முடியாது, அதில் எதைப் பெட்டிக்குள் போடுவது?

வாடிப்பட்டி டீச்சர்:

வாரம் ஐந்து போதும் சார். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: அறிவியல், சமூக அறிவியல் புத்தகத்திலும் இந்தச் சொல் வருமா, மகள் இன்று தன்னைப் பற்றிப் பேச இது உதவுமா, இதை வைத்து இன்னொரு சொல் பிறக்குமா. இரண்டுக்காவது ஆமாம் என்றால் பெட்டிக்கு. மற்ற இருபத்தைந்தையும் டெஸ்டுக்குப் படித்துவிட்டு விட்டுவிடட்டும், மறந்தால் பரவாயில்லை.

நான் திங்கட்கிழமை ஏழாவதில் நடவிலிருந்து தொடங்குகிறேன். திருமங்கலம் சார், உங்கள் கணக்குச் சொற்களின் இரண்டு பக்கப் பட்டியலை இங்கே போட முடியுமா?

திருமங்கலம் டியூஷன்:

ராத்திரி டைப் செய்து போடுகிறேன் டீச்சர். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் தனித்தனியாக இருக்கிறது. 'மீன்' (சராசரி), 'ஆட்' (ஒற்றைப்படை), 'ரைட்' (செங்கோணம்), 'ஃபிகர்', 'டிகிரி' எல்லாம் எட்டாவதில் இருக்கிறது, ஆனால் ஏழாவதுக்கே வேண்டியவை.

பூக்காரர் மகள், உசிலம்பட்டி:

டீச்சர், நூலகம் தூரமாக இருக்கிற பள்ளிக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் ப்ரதம் புக்ஸ் கதைகள் இலவசமாக இருக்கின்றன, ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், நிலை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். முதலில் தமிழில் வாசிக்க விட்டு மறுநாள் ஆங்கிலம் கொடுங்கள். நிலை இரண்டிலிருந்து தொடங்கினால் உங்கள் ஏழாவதுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைகளில் எனக்குக் கல்லூரி இல்லை, வாடிப்பட்டிக்கு பஸ் இருக்கிறது, வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.